13 வாரம் ஊர் போய்வர எழுத்தில் ஒரு விதி தாருங்கள்: இங்கிலாந்தின் கவுன்சில்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தின் கவுன்சில்களில் வயதுவந்தோர் சமூகப் பராமரிப்புக்குப் பொறுப்பான இயக்குநர்களுக்கும், எங்கள் வீடுகளுக்கு வந்து கோப்பு எழுதும் சமூகப் பணியாளர்களுக்கும்,

வணக்கம்.

கவுன்சில் தரும் பராமரிப்புப் பணத்தை நம்பி வீட்டில் வாழும் ஒரு முதியவர், சில வாரங்களுக்குப் பிறந்த ஊருக்குப் போய்வர விரும்பினால் அந்தப் பணம் தொடருமா, நிற்குமா? நேரடிக் கொடுப்பனவு, உதவியாளரை நாங்களே வைத்துக்கொள்ளக் கவுன்சில் தருகிற, நாங்கள் எல்லோரும் டைரக்ட் பேமென்ட் என்று சொல்லும் அந்தக் காசு, இங்கிலாந்து முழுவதும் ஒரே சட்டத்தின் கீழ்தான் வருகிறது: 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். அதை நடத்துவது 153 கவுன்சில்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்கள் கேட்ட இடங்களில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடைத்ததே இல்லை. நான்கு வாரம் என்கிறது ஒரு கவுன்சில், ஒரு நாளும் இல்லை என்கிறது இன்னொன்று, போய்விட்டு வாருங்கள் பிறகு பார்ப்போம் என்கிறது மூன்றாவது. ஒரே அலுவலகத்தில் திங்களன்று தொலைபேசி எடுத்தவர் சொன்னதை வியாழனன்று எடுத்தவர் மறுக்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். தற்காலிகமாக நாட்டை விட்டுப் போகும் முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் 13 வாரம் வரை நேரடிக் கொடுப்பனவு தொடரும் என்று எழுத்தில் ஒரு விதி செய்யுங்கள். போகும் முன்பே, பயணச்சீட்டு வாங்கும் முன்பே, அந்த முடிவு கடிதமாக எங்கள் கையில் இருக்கட்டும்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்த விடயத்தில் சிக்கித் தவிக்கும் பலர் எங்கள் அம்மாக்களும் அப்பாக்களும். தங்கள் பெயரில் என்ன கேட்கப்படுகிறது என்று அவர்கள் தாங்களே வாசித்து அறிய வேண்டும். இதன் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன்.

இலங்கையில் 1983 யூலைக் கலவரத்துக்குப் பின்னர் முப்பது, நாற்பது வயதில் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள், எண்பதில் இருப்பவர்கள். வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் வைத்தியசாலைகளிலும் இரவு பகலாக வேலை செய்து வரி கட்டியவர்கள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவரும், நீரிழிவில் பார்வை மங்கியவரும், நேற்று நடந்ததை மறந்து ஐம்பது வருடத்துக்கு முந்தியதை மட்டும் நினைவில் வைத்திருப்பவரும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களது அக்காவோ தம்பியோ இன்னும் யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில், திருகோணமலையில் இருக்கிறார்கள். போர் நடந்த காலம் முழுக்கப் போக முடியாமல் கிடந்தவர்கள் இவர்கள். தாயின் சாவுக்குப் போகாதவர்கள் எத்தனையோ பேர். 2009க்குப் பிறகு பாதை திறந்தது. 2019இல் பலாலியில் பன்னாட்டு விமான நிலையமும் திறந்தது. அதற்குள் இவர்களுடைய கால்கள் ஓய்ந்துவிட்டன. இப்போது போவதென்றால் சக்கர நாற்காலியும், மருந்துப் பெட்டியும், கழுவித் துடைத்து உடுத்திவிட ஓர் ஆளும் கூடவே போக வேண்டும்.

அந்த ஆளுக்கான காசைத்தான் நீங்கள் இங்கே தருகிறீர்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு வருகிறது, விமானக் கம்பனிக்கு அல்ல.

இந்தக் கேள்வியை இந்த நாட்டின் மற்றத் துறைகள் ஏற்கனவே யோசித்து முடித்துவிட்டன என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். ஓய்வூதிய வயதைத் தாண்டியவருக்குத் தனிப் பராமரிப்பு தேவைப்பட்டால் வேலை, ஓய்வூதியத் திணைக்களம் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் தருகிறது. வருமானம் பார்ப்பதில்லை, சேமிப்பும் பார்ப்பதில்லை. 2025-26இல் வாரத்துக்கு 73.90 பவுண், இரவும் பகலும் உதவி வேண்டியவருக்கு 110.40 பவுண். அதைப் பெறுபவர் தற்காலிகமாக வெளிநாடு போனால் 13 வாரம் வரை பணம் நிற்காது. வைத்தியத்துக்காகப் போனால் 26 வாரம். அவரைப் பராமரிக்கவென்றே கூடப் போகும் மகளுக்கோ மகனுக்கோ, பராமரிப்பவருக்கென்று அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸும், முதியவரின் பணம் தொடரும் வரை தொடரும். நோயாளி நாட்டுக்கு வெளியே இருப்பது மூன்று மாதத்தைத் தாண்டினால்தான் குடும்ப வைத்தியரின் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படுகிறது. ஆக, மூன்று மாதம் என்பது இந்த நாட்டுக்குப் பழக்கமான அளவு. அவ்வளவு காலம் ஒருவர் வெளியே போய் வந்தாலும் இங்கே வாழ்பவர்தான் என்று திணைக்களமும் ஒத்துக்கொள்கிறது, சுகாதார சேவையும் ஒத்துக்கொள்கிறது.

கடுமையான விதி ஒன்றும் இருக்கிறது. வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டுக்கு முன்பு 13 வாரம் இருந்தது. 2016 யூலையில் அதை 4 வாரமாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குறைப்பிலும் ஓர் இடம் விட்டார்கள்: துணைவரோ பிள்ளையோ நெருங்கிய உறவினரோ இறந்து, அதனால் நான்கு வாரத்துக்குள் திரும்புவது நியாயமாக முடியாவிட்டால் 8 வாரம் வரை போகலாம். எங்கள் வீடுகளில் இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். எங்களுக்குச் சாவு வீடு என்பது தகனத்தோடு முடிவதில்லை. காடாத்து, எட்டு, பிறகு 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம். நான்கு வாரம் என்றால் 28 நாள். கூடப்பிறந்தவளின் அந்தியேட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது விமானம் ஏற வேண்டி வந்திருக்கும். விதியை எழுதியவர் எங்கள் அந்தியேட்டியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் சாவென்றால் மனிதருக்குக் கூடுதல் நாள் வேண்டும் என்று தெரிந்திருந்தது. அந்த அளவு யோசனையாவது உங்கள் கொள்கைப் பத்திரங்களில் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். அம்மாவுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் யாழ்ப்பாணத்திலும் தொடர்கிறது. எனக்கு வரும் கேரர்ஸ் அலவன்ஸும் தொடர்கிறது. ஆனால் காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, சாப்பாடு கொடுக்கிற உதவியாளருக்கான பணம் ஹீத்ரோவில் நின்றுவிடுகிறது. ஒரே உடல், ஒரே நோய், ஒரே அரசு. அம்மாவின் இடது கை கொழும்பில் இறங்கியதும் வேலை செய்யத் தொடங்குவதில்லை. விமானக் களைப்பிலும் புதிய இடத்திலும் அவருக்கு உதவி கூடுதலாகத்தான் வேண்டியிருக்கிறது. ஊர்க் கிணற்றடியும் உயரப் படிக்கட்டும் இங்கத்தைய குளியலறை போன்றவை அல்ல. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, தூக்கி இறக்க இயந்திரம் இல்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியம்மாவுக்குச் சுகமில்லை என்று செய்தி வந்தது. "அக்காவை ஒருக்காப் பாத்திட்டு வருவம் பிள்ளை, பிறகு நான் ஒண்டும் கேக்க மாட்டன்" என்றார் அம்மா. கவுன்சிலுக்கு எழுதினேன். ஒருவர் நான்கு வாரத்துக்கு மேல் போனால் பணம் இடைநிறுத்தப்படும் என்றார். இன்னொருவர் கணக்கே மூடப்படும், திரும்பி வந்தால் புது மதிப்பீடு என்றார். இதைக் கடிதமாகத் தாருங்கள் என்று கேட்டபோது கொள்கை பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. சாகக் கிடக்கிறவர் பரிசீலனை முடியும் வரை காத்திருப்பாரா? நாங்கள் போனோம். கணக்கு நிறுத்தப்பட்டது. ஊரில் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்க ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தோம், அது எங்கள் சொந்தக் காசில். இங்கே அம்மாவோடு நீண்ட காலம் பழகிய உதவியாளர், சம்பளம் இல்லாமல் எத்தனை வாரம் இருப்பார்? அவருக்கும் வாடகை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு வேலை எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் உதவிக்கு ஆளில்லை, மதிப்பீட்டுக்கு வரிசை. அந்த இடைவெளியில் அம்மா படுத்த புண்ணோடு வைத்தியசாலைக்குப் போனார்.

பெரியம்மாவை அவர் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள் இருவரும். அதற்காக இவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் என் வருத்தம்.

சட்டம் உங்கள் கைகளைக் கட்டியிருக்கிறது என்று சொல்வீர்களானால், சட்டத்தைச் சேர்ந்து வாசிப்போம். பராமரிப்புச் சட்டத்தின் முதலாம் பிரிவே மனிதரின் நலவாழ்வைப் பற்றியது. அன்றாட வாழ்வின் மீது அவருக்குள்ள கட்டுப்பாடும், குடும்ப உறவுகளும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. யாருக்கு உதவி கிடைக்கும் என்று தீர்மானிக்கும் 2015 ஒழுங்குவிதிகளில் பத்து விடயங்கள் உண்டு. உணவு, உடல் சுத்தம், கழிவறை, உடை என்று போகும் அந்தப் பட்டியலில் குடும்ப உறவுகளையும் மற்ற உறவுகளையும் வளர்த்துப் பேணுவதும் ஒன்று. அம்மாவின் மதிப்பீட்டுப் படிவத்தில் அந்த வரிக்கு நேரே உங்கள் சமூகப் பணியாளரே அடையாளம் போட்டிருக்கிறார். அந்த உறவு யாழ்ப்பாணத்தில் இருந்தால் மட்டும் அது உறவில்லையா?

சஃபோக் கவுன்சிலுக்கு எதிராக ஆட்டிசம் உள்ள இரண்டு சகோதரர்கள் தொடுத்த வழக்கு உங்களுக்குத் தெரிந்ததே. விடுமுறைக்கும் பொழுதுபோக்குப் பயணத்துக்கும் பணம் தர இந்தச் சட்டத்தில் இடமில்லை என்று அந்தக் கவுன்சில் நினைத்தது. அப்படி இல்லை, இடமுண்டு என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நாங்கள் கேட்பது அதைவிடக் குறைவு. பயணச்சீட்டுக்குக் கேட்கவில்லை, தங்குமிடத்துக்குக் கேட்கவில்லை. வீட்டில் இருந்திருந்தால் என்ன தந்திருப்பீர்களோ அதை, அதே தேவைக்கு, அந்த வாரங்களுக்கும் தாருங்கள் என்கிறோம்.

அவர் உங்கள் எல்லைக்குள் வசிப்பவராகவே இருக்க மாட்டார் என்ற வாதத்தையும் கேட்டிருக்கிறேன். வழமையாக வசிப்பது என்றால் என்ன என்பதற்கு நீங்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது 1982இல், அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை பார்னெட் வழக்கில் கொடுத்த விளக்கத்தைத்தான். வெளிநாடுகளிலிருந்து படிக்க வந்த மாணவர்கள் போட்ட வழக்கு அது. தானாக விரும்பி, நிலையான நோக்கத்தோடு, வாழ்க்கையின் ஒழுங்கான பகுதியாக ஒருவர் எங்கே குடியிருக்கிறாரோ அதுவே அவர் வசிக்கும் இடம் என்றது தீர்ப்பு. சில வாரம் ஊருக்குப் போய் வருவதால் வெம்பிளி வீடு அம்மாவின் வீடு இல்லாமல் போவதில்லை. கவுன்சில் வரி அந்த வாரங்களுக்கும் கட்டுகிறோம்.

காசு இல்லை என்பது உங்கள் உண்மையான கவலை, அதை நான் இலேசாக எடுக்கவில்லை. குரொய்டன் 2020இலும் பர்மிங்ஹாம் 2023இலும் கணக்குச் சமன் செய்ய முடியாமல் 114ஆம் பிரிவு அறிவித்தல் கொடுத்ததை எல்லோரும் பார்த்தோம். ஆனால் இந்த விதியால் ஒரு பென்ஸ் கூடுதல் செலவில்லை. அந்த வாரங்களுக்கான பணம் ஏற்கனவே அம்மாவின் ஆண்டுத் திட்டத்தில் எழுதப்பட்டது. உண்மையில் மிச்சமே வரும். 2025-26இல் இங்கே குறைந்தபட்ச ஊதியம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண். நாங்கள் ஊரில் கொடுத்த அளவில், ஒரு நாள் முழுக்க நின்று உதவுபவருக்கு அது போதும். மிச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது இங்குள்ள உதவியாளரை விட்டுவிடாமல் வைத்திருக்க அதில் ஒரு பங்கைக் கொடுங்கள். ஒரு புது மதிப்பீட்டுக்கும், ஆள் தேடும் வேலைக்கும், இடையில் வைத்தியசாலையில் கிடக்கும் நாட்களுக்கும் ஆகும் செலவை உங்கள் கணக்காளர்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏமாற்று நடக்கும் என்பதும் ஒரு பயம். நேரடிக் கொடுப்பனவுக்குத் தனி வங்கிக் கணக்கு, பற்றுச்சீட்டு, கணக்குப் பரிசோதனை எல்லாம் இப்போதே இருக்கின்றன. ஊரில் உதவியாளருக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாவுக்கும் கையெழுத்தோடு சீட்டு வாங்கி வர நாங்கள் ஆயத்தம். கடவுச்சீட்டு முத்திரையைக் காட்டவும் ஆயத்தம். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு வழமையாகச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்ற விதி அங்கேயும் செல்லட்டும், அதில் தவறில்லை. அங்கே உறவினர் சும்மா பார்த்துக்கொள்வார்கள்தானே என்று கேட்ட அதிகாரிக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும்: பெரியம்மா வீட்டில் இருந்தது பெரியம்மாவும், அவரைத் தூக்கி இறக்கவே சிரமப்படும் அவருடைய மருமகளும். கூட்டுக் குடும்பம், பத்துப் பேர் ஓடி வருவார்கள் என்ற படம் எண்பதுகளுக்கு முந்தியது. அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றிய கேள்வி நியாயமானது. பதிவு செய்யப்படாத ஒருவர் கையில் முதியவரை விடலாமா என்று கேட்கிறீர்கள். தீர்மானிக்கும் ஆற்றல் உள்ளவர் தெரிந்தே எடுக்கும் ஆபத்தை நீங்கள் இங்கே மதிக்கிறீர்கள். மறதி நோயால் அந்த ஆற்றல் குறைந்தவருக்கு அவருடைய நலன் எது என்று குடும்பத்தோடு இருந்து பேசுகிறீர்கள். பயணத்துக்கும் அதே முறையைப் பின்பற்றலாம். ஒரு பக்கத்தில் பயணத் திட்டம் எழுதித் தரச் சொல்லுங்கள்: யார் பார்ப்பார், எந்த வைத்தியசாலை பக்கத்தில், காப்புறுதி என்ன, திரும்பும் திகதி எது. அதைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு எழுதுங்கள். சாவு, கடும் நோய் என்றால் இரண்டு மூன்று நாளுக்குள் எழுதுங்கள். திரும்பி வந்ததும், தேவை மாறியிருந்தால் மட்டும் திட்டத்தை மீள்பார்வை செய்யுங்கள். எல்லோரையும் வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம்.

இந்த உரிமைக்காகப் போராடியவர்கள் எங்களுக்கு முன்னே இருந்தார்கள். கவுன்சில் அனுப்பும் ஆளை, கவுன்சில் சொல்லும் நேரத்தில் ஏற்றுக்கொண்டு வாழ மாட்டோம், எங்கள் வாழ்க்கையை நாங்களே நடத்துவோம் என்று இந்த நாட்டின் மாற்றுத்திறனாளிகள் வாதாடித்தான் 1996இல் நேரடிக் கொடுப்பனவுச் சட்டம் வந்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதன் கதவு 2000இல்தான் திறந்தது. வீட்டுக்குள்ளேயே இருத்தி வைப்பதற்காக வந்த பணம் அல்ல இது.

இதை வாசிக்கும் எங்கள் ஆட்களுக்கும் சில சொல்ல வேண்டும். பயந்துகொண்டு சொல்லாமல் போகாதீர்கள். பிறகு தெரியவந்தால் காசைத் திருப்பிக் கேட்பார்கள், அதோடு அடுத்த குடும்பத்தின் நம்பிக்கையும் கெடும். அட்டென்டன்ஸ் அலவன்ஸ், பென்ஷன் கிரெடிட், கவுன்சில் பணம் மூன்றுக்கும் மூன்று விதி என்பதை மறக்க வேண்டாம். ஒன்று தொடர்கிறது என்பதால் மற்றதும் தொடரும் என்று எண்ணிவிடாதீர்கள். பென்ஷன் கிரெடிட் பெறுபவர் நான்கு வாரத்துக்கு மேல் போகும் எண்ணத்தோடு புறப்பட்டால், விதிவிலக்கு ஏதும் இல்லாதபோது, முதல் நாளிலிருந்தே அது நிற்கலாம். ஆகவே திகதியைத் தீர்மானிக்கும் முன் கேளுங்கள். கவுன்சிலிடம் தொலைபேசியில் கேட்டாலும் அதை மின்னஞ்சலில் திரும்ப எழுதி அனுப்புங்கள். விளங்கிக்கொள்ளவோ நினைவில் வைக்கவோ தன் விருப்பத்தைச் சொல்லவோ பெரும் சிரமம் இருந்து, கூட நின்று பேச யாரும் இல்லாத முதியவருக்குச் சட்டப்படி சுயாதீனப் பரிந்துரையாளர் ஒருவரை ஒழுங்கு செய்வது கவுன்சிலின் கடமை. முறைப்பாட்டுக்குக் கவுன்சில் தரும் பதில் திருப்தி தராவிட்டால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இயக்குநர்களே, அம்மாவுக்கு இன்னொரு தங்கை மிச்சம் இருக்கிறார். வருகிற தைப்பொங்கலுக்கு அங்கே நிற்க வேண்டும் என்று கேட்கிறார். விண்ணப்பத்தை, பயணத் திட்டத்தோடும் திரும்பும் திகதியோடும், எங்கள் கவுன்சிலுக்கு இந்த வாரம் அனுப்புகிறேன். மற்றக் குடும்பங்களையும் தங்கள் தங்கள் கவுன்சிலுக்கு அதேபோல எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கொள்கை எத்தனை வாரம், எந்த நிபந்தனை, எத்தனை நாளில் முடிவு என்பதை உங்கள் இணையதளத்தில் போடுங்கள். எங்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

நன்றியுடன்,
ஒரு மகள்,
வடமேற்கு லண்டன்